ஓட்டத்தைக் கூட்டு, ஓட்டத்தைக் குறை

சொத்துக்காகச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து குழாயில் வருகிற பீலித் தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் சண்டை போட்டதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் அரைச் சாண் நீளத்துக்கு இருந்த ஒரு கோட்டுக்காக.

அந்தக் கோட்டின் மேல் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அதை வலப்பக்கம் இழுத்துவிட்டால், மௌஸை லேசாகத் தொட்டாலும் கேமில் நம் துப்பாக்கி எங்கோ பறக்கும். இடப்பக்கம் இழுத்துவிட்டால், மௌஸை மேசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தள்ளினாலும் துப்பாக்கி சோம்பல் முறித்துக்கொண்டுதான் திரும்பும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. எங்கள் மலையக ஊரான கொட்டகலை பஜாரில் அதை வாசிக்கிற பொறுமை யாருக்கும் இல்லை. நாங்கள் அதை ‘ஓட்டம்’ என்றோம். ஓட்டம் கூட, ஓட்டம் குறைய, எவன்டா என் ஓட்டத்தில் கை வைத்தவன் என்று நாள் முழுக்க அந்த அறையில் இதே பேச்சுதான்.

அறை என்றால் துணிக்கடைக்கு மேல்மாடி. பெயருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. காலையில் எங்கள் மாஸ்டர், நாங்கள் கூப்பிடுவது சேர் என்று, டைப்பிங் படிப்பிப்பார், பின்னேரம் அதே மெசின்கள் கேமுக்கு வாடகைக்குப் போகும். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். சும்மா இருந்தால் வீட்டில் வேலை சொல்வார்கள் என்ற பயத்தில் டைப்பிங்கில் சேர்ந்தேன். டைப்பிங் என் விரலுக்கு ஏறவே இல்லை. பின்னேரம் பையன்கள் சுடுவதை ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், ஆள் காலி.

என் தோழியை நான்தான் அங்கே இழுத்து வந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த லயம். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவள். கிழமை நாளெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்கு லீவு. அந்த ஒரு நாளையும் தலையில் எண்ணெய் வைக்க, துணி துவைக்க, தம்பிக்குப் பேன் பார்க்க என்று ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைப் பிய்த்துக்கொண்டு, “டவுனுக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்று ஓடி வருவாள்.

முதல் நாள் ஓட்டத்தைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டுப் பொத்தானை வலது மூலையில் கொண்டுபோய் இடித்து நிறுத்தினாள்.

“ஏ புள்ள, அவ்வளவு வேணாம். தல சுத்தும்.”

“சுத்தட்டும்டி. ஆறு நாளா நிமிந்து நிக்காம கொழுந்து பறிக்கிறேன். இங்கயாச்சும் சுத்துறேன்.”

சுற்றினாள். வானம், தரை, வானம், சுவர் என்று அவள் திரை ராட்டினம் போலப் போய்க்கொண்டே இருந்தது. குண்டை எறிகிறேன் என்று தன் காலடியிலேயே போட்டுக்கொண்டு செத்தாள். எனக்குப் பின்னால் ஒளிகிறேன் என்று என்னையே சுட்டாள். ஒவ்வொரு தடவை சாகும்போதும் அவள் போட்ட கூச்சலில் கீழே துணி வாங்க வந்தவர்கள் படியேறி வந்து பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. இவ்வளவு சந்தோஷம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கே கோபம் வந்தது.

பையன்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டமான நாள். நாங்கள் இரண்டு மெசினைப் பிடித்துக்கொண்டால் அவர்கள் படியில் காத்துக் கிடக்க வேண்டும். தோட்டத்தில் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள், அதற்கு அரைப்பேர் என்று சொல்வது. அந்தச் சொல்லைத் தூக்கி வந்து என் தோழிக்கு வைத்துவிட்டார்கள். அவள் சுருண்டு விழும்போதெல்லாம், “அக்காவுக்கு இன்னைக்கும் அரப்பேரு!” என்று ஒரே கூப்பாடு. மலையில் ஒரு நாளும் அரைப்பேர் வாங்காதவள் அவள். எழும்பி நின்று கை நீட்டிச் சத்தம் போட்டாள். இரண்டு பக்கமும் வாய் முற்றி, கடைசியில் பையன்கள் சேரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வரக்கூடாது என்று சொல்லச் சொன்னார்கள்.

சேருக்குச் சண்டை என்றால் காய்ச்சல். “நீங்களே விளையாடித் தீர்த்துக்கொள்ளுங்கோ. என்ர மௌஸ் உடையாட்டிச் சரி” என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் பந்தயம் ஆனது. அடுத்த ஞாயிறு, பையன்களில் நன்றாகச் சுடுகிற இருவருக்கும் எங்கள் இருவருக்கும் ஆட்டம். யார் முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்பு. தோற்றால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியை மிதிக்கக்கூடாது. எனக்கென்ன, நான் கிழமை நாளில் வந்து ஆடிக்கொள்வேன். அவளுக்கு வேறு நாளே கிடையாது. தோற்றால் அவளுக்கு இந்தச் சுற்றல், கூச்சல் எல்லாமே முடிந்தது.

அந்த வாரம் நான் வெறி பிடித்த மாதிரிப் பழகினேன். கொட்டகலைக் குளிரில் விரல் விறைக்கும், வாயால் ஊதி ஊதிச் சூடாக்கிக்கொள்வேன். பந்து உருளுகிற பழைய மௌஸ் வேறு. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்தால் பந்து ஈரம் பிடித்து நின்றுவிடும். கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் குறி தப்பிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்து நின்ற சேர் சொன்னார்:

“ஆறுதலா பிள்ளை, ஆறுதலா.”

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் ஆட்டமே நடக்கவில்லை, அதற்குள் ஆறுதல் சொல்கிறாரா? தோற்றுப்போவேன் என்று முடிவே கட்டிவிட்டாரா? ரோஷத்தில் ஓட்டத்தைக் கூட்டினேன். குறி இன்னும் தப்பியது. மறுநாளும் வந்து நின்றார். “ஆறுதலா, ஆறுதலா” என்றார், இந்தத் தடவை முகத்தில் கவலையோடு. செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. நான் இன்னும் கூட்டினேன். வியாழக்கிழமை ஆனபோது என் பொத்தானும் வலது மூலையில்தான் நின்றது, நானும் தோழியைப் போல வானத்தைத்தான் சுட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சேரின் கைத்தொலைபேசி அடித்தது. வீட்டிலிருந்து மனைவி போல. “நீங்கள் ஆறுதலா வெளிக்கிடுங்கோ. ரயில் இண்டைக்கு லேட்டாம்” என்றார்.

கை அப்படியே நின்றது.

“சேர், ஆறுதலான்னா என்னங்க?”

“ஆறுதலா எண்டா… மெதுவா. அவதிப்படாமல்.”

“அப்ப என்னையும் மெதுவான்னுதான் சொன்னீங்களா?”

“வேறென்னத்தை? நீர் மௌஸால மேசையை எல்லோ உழுறீர். உது உடைஞ்சால் நான் கொழும்புக்குப் போக வேணும்.”

எங்கள் பள்ளியிலும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் இருந்தார்கள்தான். அவர்கள் எங்களைக் ‘கெதியா, கெதியா’ என்று வேகப்படுத்தி விரட்டினார்களே தவிர, ஆறுதலாகப் படி என்று ஒருவரும் சொன்னதில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும்? நான் அடக்க முடியாமல் சிரித்தேன். சேர் தன் மௌஸை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்துவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று பொத்தானை இடப்பக்கம் இழுத்தேன். துப்பாக்கி அசையாமல் நின்றது. மெல்லத் தள்ளினேன், மெல்ல வந்தது. நான் எங்கே நிறுத்தினேனோ அங்கே நின்றது. எதிரி தலையைத் தூக்கினான், சுட்டேன், விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். நாற்காலியோடு சேர்ந்து குதித்தேன். ஒரு கஷ்டம், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் மௌஸை மேசை முழுக்க இழுத்து, தூக்கி வைத்து, மறுபடி இழுக்க வேண்டும். அதற்குள் பின்னால் வந்தவன் காரியத்தை முடித்துவிடுவான். அதனால் என்ன, முன்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும் என்ற மிதப்பு.

சனிக்கிழமை சாயந்திரம் தோழி கூடையை இறக்கி வைக்கும் முன்னே போய்ப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கு ஓட்டத்தைக் குறை, ஆறுதல் என்றால் மெதுவாக என்று அர்த்தம், அதில்தான் எல்லாமே இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

“எனக்கு ஆறுதலும் வேணாம், தேறுதலும் வேணாம்” என்றாள். “மெதுவாப் போறதுக்கு நான் எதுக்குடி டவுனுக்கு வரணும்?”

“தோத்தா ஒனக்குத்தான் ஞாயித்துக்கெழம போவும்.”

“என் ஞாயித்துக்கெழமதானே. நான் பாத்துக்கிறேன்.”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவளுக்காக அல்லாடுகிறேன், அவளுக்குத் துளி பயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. கீழே ரொட்டிக்கடையில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் மேலே வரை கேட்டது. ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்க்காமல் இருக்க நடுவில் பழைய காலண்டர் அட்டைகளை நிறுத்தினார்கள். முதல் ஆட்டம் தொடங்கியதும் மௌஸைத் தள்ளினேன், என் திரையில் வானம் தெரிந்தது. எனக்கு முன் அந்த மெசினில் உட்கார்ந்த எவனோ ஓட்டத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! நான் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். குறைத்து முடிப்பதற்குள் இருவரும் செத்துப்போனோம்.

அடுத்த இரண்டும் எங்களுக்கு. எப்படியென்றால், தோழி சுற்றிக்கொண்டே நடுவில் ஓடுவாள், கண்டபடி சுடுவாள். பையன்கள் சிரித்துக்கொண்டே அவளைச் சுடத் திரும்புவார்கள். நான் மூலையில் நின்று அவர்களை ஆறுதலாகச் சுடுவேன். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது நான் உலகத்தையே வென்ற மாதிரி அவளைப் பார்த்தேன். பார்த்தாயா, என் ஓட்டம்தான் உன்னைக் காப்பாற்றுகிறது என்று பார்வையிலேயே சொன்னேன். அவள் மூக்கைச் சுழித்தாள்.

நான்காவதில் பையன்கள் முழித்துக்கொண்டார்கள். அவளை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் வந்தார்கள். நான் மௌஸைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்துத் திரும்பிக்கொண்டிருந்தபோதே கதை முடிந்தது. இரண்டுக்கு இரண்டு.

கடைசி ஆட்டம். தொடங்கியதும் ஒருவனை விழுத்தினேன். திரும்பவில்லை. மற்றவன் என்னை முதுகில் சுட்டான். செத்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். மிச்சம் இருப்பவர்களை என் திரையில் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கலாம். பார்த்தேன். தோழி ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள், வாசலைத் தேடுகிறாளாம். அவன் அவளுக்கு நேர் பின்னால் வந்துவிட்டான். சுட்டிருந்தால் அந்த நொடியே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு அது போதவில்லை. துப்பாக்கியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தான். கத்தியால் குத்துப்பட்டுச் சாவதுதான் அங்கே பெரிய அவமானம். பையன்கள் எல்லோரும் அவன் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

என் சால்வையின் முனையைக் கடித்துக்கொண்டேன். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை போகிறது, நான் வாயில் துணியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி அவள் டவுனுக்குப் போவதென்றால் அரிசி வாங்கத்தான் போவாள்.

கேமில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் நிஜமாகவே பயந்துபோய் “அய்யய்யோ!” என்று அலறினாள். கை துள்ளியது. வலது மூலையில் இடித்து நின்ற அந்தப் பொத்தானின் புண்ணியத்தில், விரலளவு துள்ளலுக்கே அவள் முழுசாகத் திரும்பிவிட்டாள். மௌஸில் சுடுகிற பொத்தானை அவள் விரல் விடவே இல்லை. இருந்த குண்டு அத்தனையும் பாய்ந்தது. என் ஓட்டமாக இருந்திருந்தால் அவள் இன்னும் பாதிகூடத் திரும்பியிருக்க மாட்டாள்.

அவன் கத்தியோடு விழுந்து கிடந்தான். என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, “செத்துட்டனா? நான் செத்துட்டனா?” என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயிலிருந்து சால்வை விழுந்தது. அப்புறம் நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் சேர் வந்து முதலில் மௌஸைத்தான் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் ஒரு வாரமாகத் திட்டிய ஓட்டம்தான் அவளை ஜெயிக்க வைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தோற்றவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இதெல்லாம் ஒரு வெற்றியா? குருட்டு அதிர்ஷ்டம்” என்றான்.

அவள் எழும்பி, கலைந்த தலையைக் கோதிக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆமாடா தம்பி, குருட்டு அதிர்ஷ்டந்தான். அடுத்த ஞாயித்துக்கெழமயும் வருவேன். அது இன்னும் இருக்கான்னு வந்து பாத்துக்க.”