இரண்டு விரல் இடைவெளி

அந்தக் காரை நான் முதலில் பார்த்தது புனேயில், கோர்படி ரயில்வே கேட்டுக்கு அருகில். அப்போது அங்கே ஒரு பஞ்சர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். படுக்கையும் அங்கேயேதான், பழைய டியூப் குவியலின் மேல். எதிரே ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் பங்களா. அதன் மதிலோரம் எதையோ தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மழைக்கு முந்தைய காற்று ஒருநாள் தார்ப்பாயின் மூலையைத் தூக்கியது. கரும்பச்சை நிறம். இரண்டே கதவுகள். முன்பக்கம் நீண்டு, கூரை பின்னால் சரிந்து இறங்கி, நின்ற இடத்திலேயே ஓடுவது போல இருந்தது. அன்று ஒரு ஸ்கூட்டர் டயரைத் திருப்பி மாட்டி முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

குடியாத்தத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி ஹூப்ளி, கோவா, மும்பை என்று சுற்றினேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. சில ஊர்களில் சம்பளம் கொடுக்கவில்லை, சில ஊர்களில் எனக்கே பிடிக்கவில்லை. புனேயில் மட்டும் தங்கிவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்பேன். உண்மையான காரணம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது.

ஒருமுறை துணிந்து அந்த அதிகாரியிடமே கேட்டேன். அவர் என் கைகளைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். விற்பதற்கில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு வருத்தமாகவே இல்லை. எனக்குக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வேறு யாருக்கும் கிடைக்கப் போவதில்லை என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு பிம்ப்ரியில் ஒரு சஸ்பென்ஷன் பட்டறையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துக் கோர்படிக்குப் போவேன். மதிலுக்கு எதிரே நின்று ஒரு வடாபாவ் தின்றுவிட்டுத் திரும்புவேன். அப்படிப் போன ஒரு ஞாயிறு தார்ப்பாய் இல்லை. கார் நின்ற இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் மண் வெளுத்துக் கிடந்தது. அதிகாரி மகனோடு இருக்கப் போய்விட்டார் என்றான் காவல்காரன். கார்? யாரோ கொண்டு போனார்கள். இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைப்பது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

சில மாதம் கழித்து அதே கார் எங்கள் பட்டறைக்குள் வந்து நின்றது. கதவு திறந்து என் வயதுள்ள ஒருவர் இறங்கினார். நல்ல ஆகிருதி. அவர் இறங்கியதும் கார் ஒரு பக்கம் மேலே எழும்பியது. நான் வாய்க்குள் தமிழில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"அண்ணா, தமிழா நீங்க? அச்சா ஹுவா, நல்லதாப் போச்சு" என்றார். "இந்த காடிய கீழ பண்ணணும்ணா. இப்ப ஜீப் மாதிரி நிக்குது பாருங்க."

"எவ்ளோ கீழ சார்?"

"ரெண்டு விரல். ஆனா பட்ஜெட் டைட். வீட்ல கேட்டா அலைன்மென்ட்டுக்குப் போனேன்னு சொல்லியிருக்கேன்."

இரண்டு விரல் என்பது எங்கள் தொழில் கணக்கு. டயரின் மேல் விளிம்புக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்போம். டேப் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அந்தக் காரில் அப்போது ஒரு முழுக் கையே நுழைந்தது.

அவர் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். இப்போது வேலை ஹிஞ்சேவாடியில், வீடு வாகட்டில். "ஸ்கூல் பஸ்ஸு கேட்ல நிக்கும்ணா. கர்னல் சாப் இத ஓட்டிட்டு வருவாரு. கேட் திறக்குற வரைக்கும் பாத்துட்டே இருப்பேன். பெரியவனாகி இத வாங்குவேன்னு அப்பா கிட்ட சொன்னேன். அவரு ஒரு அறை விட்டாரு. கர்னல் சாப் ஊரை விட்டுப் போறப்ப வாங்கிட்டேன்."

அன்று மாலை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தார்ப்பாயைத்தான் பார்த்திருந்தேன். அவர் அந்தக் கார் ஓடுவதையே பார்த்திருக்கிறார்.

மறுநாள் என்ன பாகம் போடுவது என்ற பேச்சு வந்தது. யாரோ அவரிடம், ஸ்பிரிங்கை கிரைண்டரில் ஒரு சுற்று அறுத்தால் போதும், கார் தானாக இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். பட்டறை முதலாளிக்கும் அதில் சம்மதம். அவர் மராத்திக்காரர், சிக்கனமாகப் பேசுபவர். "கேட்டதைச் செய்து கொடு, அனுப்பு" என்றார்.

நான் தலையாட்டியிருந்தால் போதும். அறுத்த ஸ்பிரிங் அடுத்த குழியிலேயே அதன் இருக்கையை விட்டு நழுவும். கார் குதிக்கும், திரும்பும்போது அலையும், ஒரு வருடத்தில் அவருக்கே வெறுத்துப்போகும். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க எதுவுமில்லை. ஆனால் அறுபடப் போவது அவரல்ல, அந்தக் கார். "அது வேணாம் சார்" என்றேன்.

"அப்ப?"

"வெறும் சின்ன ஸ்பிரிங்கா வாங்கிப் போடலாம். ஆனா உங்க ஷாக் அப்சார்பர் கிழம். ஏற்கனவே எண்ணெய் கசியுது. சின்ன ஸ்பிரிங்க தாங்காது, செத்துடும். ஸ்பிரிங், ஷாக் ரெண்டும் சேர்ந்து, ஏத்தி இறக்குற மாதிரி வளையம் வச்ச செட் புதுசா வரும்."

அவர் ஃபோனில் அதன் விலையைப் பார்த்தார். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "தூஸ்ரா?"

"மும்பை குர்லாவுல பழசு கிடைக்கும். ஆனா பாத்து எடுக்கணும்."

இருவரும் காலை ரயிலில் மும்பைக்குப் போனோம். லோனாவாலா தாண்டியதும் அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, ஒவ்வொன்றும் வாழையிலையில் சுற்றியது. "எடுங்கண்ணா, வொய்ஃப் செஞ்சது. அலைன்மென்ட்டுக்கு மும்பை போவாங்களான்னு கேட்டா. உண்மைய சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு இட்லி எக்ஸ்ட்ரா வச்சா."

நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

குர்லாவில் பழைய பாகங்கள் விற்கும் தெருவில் கடை கடையாக ஏறினோம். ஷாக்கின் தண்டைக் கையால் அழுத்தி விட்டால் மெதுவாக, திக்காமல் ஏறி வரவேண்டும். படக்கென்று துள்ளினாலோ நடுவில் நின்றாலோ உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். புது பெயின்ட் அடித்ததைத் தொடவே கூடாது. கசிந்த எண்ணெயை மறைக்கத்தான் பெயின்ட். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அழுக்குப் பிடித்த ஒரு செட் கிடைத்தது. நான்கும் ஒரே மாதிரி ஏறின, வளையங்கள் துருப்பிடிக்காமல் சுழன்றன.

"இது போதும் சார்" என்றேன்.

அவர் குனிந்து ஒன்றைத் துடைத்துப் பார்த்தார். "அண்ணா, பின்னாடி ரெண்டு ஸ்பிரிங்லயும் நம்பர் வேற வேற அடிச்சிருக்கு."

உண்மைதான். நான் ஷாக்கைப் பார்த்தேனே தவிர ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே ஜோடி சரியான வேறொரு ஸ்பிரிங்கைத் தேடிக் கொடுத்தான். இந்த ஆளுக்குக் காரும் இருக்கிறது, இட்லியும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் ரயிலில் அவர் தூங்கினார். பை என் மடியில் இருந்தது.

சனிக்கிழமை மாட்டினோம். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஓரமாக வைத்து, புதிதாக வந்த பழசை ஏற்றி, சக்கரம் பூட்டி, தரையில் இறக்கினோம். உயரம் வைப்பதற்கு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். வெற்றுக் கார் பொய் சொல்லும் என்பார் முதலாளி.

காரின் சொந்தக்காரர் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். காதில் ஃபோன். ஆபீஸ் மீட்டிங். ஒரு கையைத் தூக்கி, கொஞ்ச நேரம் என்று காட்டினார். முதலாளிக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை. "நீ உட்கார்" என்றார் என்னிடம்.

பேன்ட்டின் பின்பக்கத்தை இரண்டு தரம் தட்டிக்கொண்டேன். இருக்கையில் செய்தித்தாள் விரித்தேன். உட்கார்ந்தேன். இருக்கை நான் நினைத்திருந்ததை விடத் தாழ்வு. கால்கள் நேராக நீண்டன. ஸ்டீயரிங் தோலில் மற்றவர்களின் கைகள் தேய்த்த இடத்தில் என் கைகள் சரியாகப் பொருந்தின. அவர் இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். அதை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

முதலாளி வளையத்தைத் திருப்பி, ஜாக்கியை இறக்கி, விரலை விட்டார். "பரோபர்" என்றார். சரியாக இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் இறக்கலாம்" என்றேன்.

உயரத்தில் குறை எதுவும் இல்லை. எனக்கு இறங்க மனமில்லை, அவ்வளவுதான். முதலாளி மறுபடி தூக்கி, ஒரு திருப்புக் கூடுதலாக இறக்கி, மறுபடி விரலை விட்டார். அதற்குள் வேப்ப மரத்தடி மீட்டிங் முடிந்துவிட்டது.

அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையோடு தரையாக, எப்படி இருக்க வேண்டுமென்று நான் அந்த மதிலுக்கு எதிரே நின்று நினைத்திருந்தேனோ அப்படியே நின்றது அது. அவர் படம் எடுத்துக்கொண்டார். ஒரு படத்தில் நானும் நிற்க வேண்டும் என்றார். கை அழுக்கு என்று விலகிக்கொண்டேன்.

மறுவாரமே ஃபோன் வந்தது. குடியிருப்பு வாசலில் உள்ள ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது. பையில் ஸ்பேனர்களைப் போட்டுக்கொண்டு வாகட்டுக்குப் போனேன். வாசலில் அவரும் கையில் காய்கறிப் பையோடு அவர் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"வாங்கண்ணா" என்றார் அந்த அம்மா. "எங்க வண்டி வந்தா மணியே அடிக்க வேண்டாம். எட்டாவது மாடி ஆன்ட்டி சத்தம் கேட்டே பால்கனிக்கு வந்துடறாங்க. இவரு என்னை கேட்லயே இறக்கி விட்டுடறாரு. காருக்கு வலிக்குதாம்."

"ஒரு வாட்டிதான் இறக்கினேன்" என்றார் அவர்.

"தினமும் ஒரு வாட்டி."

அவர் ஓட்டிக் காட்டினார். மேட்டின் மேல் ஏறியதும் அடியில் இரும்பு உரசும் சத்தம் நீளமாகக் கேட்டது. எனக்குப் பல் கூசியது. "நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்கண்ணா" என்று இறங்கி சாவியை நீட்டினார்.

நான் ஏறினேன். இருக்கையை முன்னால் இழுத்தேன். மெதுவாக மேட்டில் ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. பின்பக்கமாக வந்து மறுபடி ஏற்றினேன். இல்லை. அவர் ஏறி ஓட்டினார், உரசியது. நான் ஏறினேன், உரசவில்லை.

"வண்டிக்கு அண்ணாவைத்தான் பிடிச்சிருக்கு போல" என்றார் அவர் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோர்படி மதிலுக்கு எதிரே வடாபாவோடு நிற்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. அந்த முகம் இப்போது அவரிடம் இருந்தது. "உங்களுக்கு மட்டும் எப்படிணா?" என்றார்.

ஓட்டுகிற விதம் சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அந்தக் கார் எப்போதும் ஒரு இரும்புச் சத்தத்தோடு, அது அவருடையது இல்லை என்பதை அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கும். மேட்டின் மேல் புதிதாக விழுந்த கீறல்களைப் பார்த்தேன். கரும்பச்சைத் துகள் ஒன்று ஒட்டியிருந்தது.

"அன்னிக்கு நீங்க ஃபோன்ல இருந்தீங்க சார். உயரம் வைக்க நான்தான் உள்ள உக்காந்தேன். என் எடைக்குத்தான் நிக்குது வண்டி. கூடவே ஒரு திருப்பு நானா இறக்கிட்டேன்."

"உங்க எடை எவ்ளோண்ணா?" என்று கேட்டார் அவர் மனைவி. சொன்னேன். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஒண்ணு வண்டிய தூக்கணும், இல்ல இட்லிய நிறுத்தணும்."

"வண்டிய தூக்கிடுங்கண்ணா" என்றார் அவர், உடனே.

பார்க்கிங்கில் ஜாக்கி போட்டேன். சக்கரத்துக்குள் கையை விட்டு, வளைந்த ஸ்பேனரால் வளையத்தை ஒவ்வொரு திருப்பாக ஏற்றினேன். நான்கு சக்கரத்திலும். ஒவ்வொரு முறை இறக்கியதும் அவரை உட்கார வைத்தேன், பக்கத்தில் அவர் மனைவியையும். காய்கறிப் பை மடியில் இருக்கட்டும் என்றேன். மறுபடி இருவரையும் இறக்கித் தூக்கினேன். "கோயில்ல கூட இவ்ளோ உக்காந்து எழுந்ததில்ல" என்றார் அந்த அம்மா.

கடைசியில் என் கைக்கு மூன்று விரல் நுழைந்தது. அவருக்கு முகம் வாடியது. "ரெண்டு வராதாண்ணா?"

"உங்க விரல விட்டுப் பாருங்க சார்."

இறங்கி வந்தார். மனைவியை அப்படியே உட்காரச் சொல்லி, டிரைவர் இருக்கையில் தன் எடைக்கு ஈடாக என்னையும் காலடியில் என் ஸ்பேனர் பையையும் வைத்துவிட்டு, குனிந்து கையை விட்டார். அவருடைய தடித்த விரல்களில் இரண்டுதான் போயின. மூன்றாவது நுழையவில்லை. மறுபடியும் விட்டுப் பார்த்தார். "ரெண்டு" என்றார் மனைவியிடம். "பரோபர் ரெண்டு."

மேட்டின் மேல் சத்தமில்லாமல் ஏறி இறங்கி, இருவரும் ஒரு சுற்றுப் போய் வருகிறோம் என்று கிளம்பினார்கள். போகும்போது கண்ணாடியை இறக்கி, ஞாயிற்றுக்கிழமை வாங்கண்ணா, எக்ஸ்பிரஸ் வேயில் நீங்க ஓட்டலாம் என்றார். சரி என்றேன். அவர் மனதார அழைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் போகவில்லை. பிம்ப்ரியில் எப்போதாவது அந்தக் கார் எங்கள் பட்டறையைக் கடந்து போகும். ஹார்ன் அடிப்பார், கை காட்டுவேன். அவர் எடைக்கு அது அழகாக நிற்கிறது. இப்போது நான் ஏறினால் கொஞ்சம் உயரமாக நிற்கும்.