அமர்த்தியிருந்த சுவிட்ச்

நான் ஏழாவது வரை படித்தவன். முப்பது வருடமாக மதுரையில் வீட்டு வயரிங் வேலை. அதில் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

லைட்டுக்கு இரண்டு வயர். கரண்டைக் கொண்டுவருவது ஃபேஸ், சிவப்பு. திரும்பிப் போவது நியூட்ரல், கருப்பு. சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் மாட்டினாலும் லைட் எரியும், அமர்த்தினால் அணையும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் லைட் அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். இது தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரியும்.

ஆனையூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஒரு ஆபீஸில் கிளார்க். பைப்புக்குள் வயர் இழுக்கிற அன்று கூடவே நின்றார். சாமி ரூமுக்குக் கருப்பு வயர் வேண்டாம் என்றார். சுவருக்குள் போகிற வயர் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டேன். சாமிக்குத் தெரியாதா என்றார். வேறு வீடுகளிலும் இப்படிக் கேட்பார்கள். நீல வயர் வாங்கிவந்திருக்கலாம். கடைக்குப் போகச் சோம்பல். இரண்டுமே சிவப்பாக இழுத்துவிட்டு, நியூட்ரல் நுனியில் அடையாளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன்.

பூச்சு வேலைக்கு வந்தவர்கள் சுவிட்ச் பெட்டிக்கு வெளியே நீட்டியிருந்த நுனிகளை வெட்டிவிட்டார்கள். முடிச்சும் அதோடு போனது.

நான் சுவிட்ச் மாட்டப் போனது பால் காய்ச்சுவதற்கு முதல் நாள். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டெஸ்டர் சட்டைப்பையில்தான் இருந்தது. எந்த வயரில் கரண்ட் என்று வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். பார்க்கவில்லை. கைக்கு வந்ததை சுவிட்சில் மாட்டினேன். லைட் எரிந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். ஷாக் அடித்துவிட்டது, வந்து பார்க்க வேண்டும் என்றார். போனேன். பூஜைக்காக சாமி ரூமைக் கழுவியிருக்கிறார். விளக்குப் புகை பிடித்திருந்த ஹோல்டரையும் துடைக்கலாம் என்று பல்பைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியை உள்ளே விட்டிருக்கிறார். நின்றது ஈரத் தரை. கரண்ட் தூக்கிப் போட்டதில் தோள் நிலைக்கதவில் இடித்திருக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"சுவிட்ச அமத்திட்டுத்தாண்ணே தொட்டேன்" என்றார்.

கணவர் சிரித்தார். "இவ கேஸ் அடுப்பையே அமத்த மாட்டா. சுவிட்ச அமத்திருப்பாளாக்கும்?"

"அடுப்ப அமத்தாமக் கெடந்த அன்னைக்கு டீ போட்டது யாரு? நீங்கதான?"

அவர் என் பக்கம் திரும்பி, இரண்டு நாளாக இதையேதான் சொல்கிறாள், மறந்திருப்போம் என்று ஒத்துக்கொண்டால் என்ன என்றார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குண்ணே. நெசமா மறந்துட்டனோ?"

டெஸ்டரை முதலில் ஹால் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது, டெஸ்டர் சரி. சாமி ரூமுக்குப் போனேன். சுவிட்ச் அமர்த்தியிருந்தது. டெஸ்டரை ஹோல்டருக்குள் வைத்தேன். எரிந்தது.

உள்ளே நான் மட்டும்தான். மெயினை அமர்த்தி இரண்டு நுனியை மாற்றினால் பத்து நிமிட வேலை. ஹோல்டரில் புகை அடைத்திருந்தது, அதனால்தான் ஷாக் என்று சொன்னால் அவர் நம்புவார். மனைவியையும் நம்பவைப்பார். டெஸ்டரை ஹோல்டரிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டேன். சுவிட்சைப் பார்க்கச் சொன்னேன். டெஸ்டரைக் காட்டினேன்.

"தங்கச்சி அமத்திட்டுத்தான் சார் தொட்டுருக்கு. மாத்தி மாட்டுனது நான்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. கருப்பு வேண்டாம் என்று சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், இரண்டையும் சிவப்பாக இழுக்க நானா சொன்னேன் என்று ஆரம்பித்தார். அது காரணம் இல்லை, வைத்துப் பார்க்காததுதான் காரணம் என்றேன். உயிர் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மெயினை அமர்த்தினேன். கரண்ட் நின்றுவிட்டதா என்று மறுபடி வைத்துப் பார்த்தேன். பழைய நியூட்ரலின் நுனியில் கருப்பு வயரைக் கட்டி பைப் வழியாக இழுத்தேன். அவர் தடுக்கவில்லை. சிவப்பைச் சுவிட்சுக்குக் கொடுத்தேன், கருப்பை நேராக ஹோல்டருக்கு. மெயினைப் போட்டு, சுவிட்சை அமர்த்தி, டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

அந்த அம்மா டெஸ்டரைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். எங்கே பிடிப்பது என்று காட்டினேன். காலில் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து அவரே வைத்துப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். கணவர் வாசற்படியில் நின்றார்.

"இனிமே சுவிட்ச அமத்துனா போதுமாண்ணே?" என்று என்னிடம் கேட்டார்.

முன்பு கேட்டிருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"போதாதும்மா. மெயினை அமத்திட்டுத் தொடு. யார் மாட்டுன சுவிட்சா இருந்தாலும்."