பெட்டியில் வந்த பெயர்

பெரில் ஹாஸ்கின்ஸ் உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கிலாந்தின் சின்ன ஊரான வென்டில்பரியில் அதிகம் இல்லை. எழுபத்திரண்டு வயதிலும் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி அலைவாள். தபால் நிலையக் கவுன்டரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் ஓடியாடுவதற்கு வேறு இடங்களைத் தேடிக்கொண்டாள். சந்தைச் சதுக்கத்து மரத்துக்கு விளக்குக் கட்டுகிறவனுக்கு ஏணி பிடிப்பாள். தேவாலயத்துப் பூ அலங்காரத்தில் குறை கண்டுபிடிப்பாள். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் விருந்து அவள் பொறுப்பு. ஊரில் தனியாக இருப்பவர்களுக்காகப் பண்டிகை அன்று மதியம் நகர மண்டபத்தில் போடுகிற சாப்பாடு அது. கணவர் இறந்த வருடம் அவளே ஆரம்பித்தாள். இது பதினோராவது.

விருந்தாளிகளைச் சேர்ப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். "நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று ஒருவரை நேரே கேட்பது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதனால் நூலகத்தில் ஒரு பெட்டி. பண்டிகைக்கு யார் தனியாக இருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் அவர் பெயரை ஓர் அட்டையில் எழுதிப் போட்டுவிட வேண்டியது. எழுதியவர் பெயர் தேவையில்லை. பிறகு பெரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "வான்கோழி பெருசா வாங்கித் தொலைச்சுட்டேன், வந்து தீர்த்துக் குடுங்க" என்பாள். தாங்கள் உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் வந்துவிடுவார்கள்.

இந்த வருடம் வியாழக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். பதினேழாவது அட்டையில், நடுங்கும் பெரிய எழுத்துகளில், அவள் பெயர் இருந்தது. பெரில் ஹாஸ்கின்ஸ், நான்காம் எண் வீடு, டானர்ஸ் ரோ தெரு. கீழே ஒரு வரி: தயவுசெய்து உட்கார வையுங்கள்.

அதைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் திணித்தாள். பக்கத்தில் யாருமே இல்லை, இருந்தும் திணித்தாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருடமும் விருந்து முடிந்து கிளம்பும்போது, "ராத்திரி கீத் வந்துடுவான்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் போவாள். கீத் அவள் ஒரே மகன், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறான். அவன் வந்து ஆறு வருடமாயிற்று. சண்டை ஒன்றும் கிடையாது. ஒரு வருடம் பனி என்றான், ஒரு வருடம் மாமனார் வீடு என்றான், அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான். சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். யாருக்கும் தெரியாமல் அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒரே ரகசியம் அதுதான். இப்போது ஊரில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிய எத்தனை நேரம் ஆகும்? அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்று சந்தை நாள். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், காய் வாங்க அல்ல, கையெழுத்துப் பார்க்க. காய்கறிக் கடை லென்னின் விலை அட்டைகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"என்ன கண்ணு, விலையையே முறைச்சுப் பாக்குற? கேரட்டைக் குறைக்கணும்னா வாய்விட்டுச் சொல்லு."

"உன் எழுத்து எப்பவும் இப்படித்தான் சாய்ஞ்சு இருக்குமா?"

"எங்க வாத்தியாரும் இதையேதான் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமத்தான் கடை போட்டேன்."

அவன் இல்லை. அப்படியானால் பிரெண்டா கிளெக்தான் என்று முடிவு கட்டினாள். பிரெண்டா விருந்துக்கு முந்தின நாள் காய் நறுக்க வருகிறவள். 'உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுத்தால் என்ன?' என்று மூன்று வருடமாக யோசனை சொல்லி வருகிறவள். சமையலறையின் மேல் கண் வைத்திருக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாலாடைக்கட்டிக் கடை வரிசையில் அவள் நிற்பதைப் பார்த்ததும் பெரில் நேராகப் போய் அட்டையை நீட்டினாள்.

"நீதானே இதைப் போட்ட?"

பிரெண்டா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். "நான் ஏன் போடறேன்?"

"என்னை உக்கார வெச்சுட்டா அடுப்பு உன் கைக்கு வந்துடும்ல."

"உன் அடுப்பை நீயே வெச்சுக்க. எனக்கு வீட்லயே அன்னிக்குப் பதினாலு பேர்." பிரெண்டாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "அதுசரி, உனக்குத்தான் கீத் வர்றானே. உன் பேரை எதுக்கு ஒருத்தர் போடணும்?"

வரிசையில் நின்ற ஏழு பேரும் அந்த நிமிடமே பாலாடைக்கட்டிகளை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும். இத்தனை நாள் ஒரே ஒருவருக்குத் தெரிந்ததை அவளே சந்தையில் கடை விரித்துவிட்டாள்.

"வர்றான்தான்," என்றாள் பெரில். "யாரோ விளையாடியிருக்காங்க." எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாட்களில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வெள்ளித் தட்டுகளை இரண்டு முறை துலக்கினாள். பண்டிகைக்கு முந்தைய மாலை சதுக்கத்தில் ஊரே மரத்தைச் சுற்றி நின்று பாடியபோது, பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வழக்கமான சிரிப்பா, இரக்கமா என்று பிரிக்க முடியாமல் தவித்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். தன் பெயரை அவள் பட்டியலில் சேர்க்கவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற சிரில் டன்மோர், எண்பத்தாறு வயதுக்காரர், விருந்தில் எல்லோருக்கும் தருகிற காகிதக் கிரீடத்தோடு சுவரோர மேசையில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் கோட்டைப் போட்டு யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தார். இரண்டு கையிலும் தட்டோடு வந்த பெரிலுக்கு எரிச்சல் வந்தது.

"கோட்டு மாட்டறதுக்கு அங்க கொக்கி இருக்கு, மிஸ்டர் டன்மோர். நாற்காலியை விடுங்க."

"இது உங்களுக்குப் பிடிச்சு வெச்சது. அட்டையில அவ்வளவு தெளிவா எழுதினேனே."

தட்டைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம். "யார் சொன்னாங்க உங்ககிட்ட?" என்றாள் குரலைத் தணித்து.

"யாரும் சொல்லல. வருஷா வருஷம் போறப்ப ஒரு தட்டை மூடி எடுத்துட்டுப் போறீங்க. பையன் வர்ற வீட்டுக்கு ஒரு தட்டு எப்படிப் போதும்?"

அவமானம் முகத்தில் சூடாக ஏறியது. அந்த மனிதரையும் நோகடிக்க வேண்டும்போல் இருந்தது. "உங்களுக்கென்ன, பேசலாம். நாளைக்கு உங்க பொண்ணு வந்துடுவா. வருஷா வருஷம் சொல்றீங்களே. எத்தனை மணிக்கு வர்றா?"

சிரில் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க பையன் வர்ற நேரத்துக்குத்தான்," என்றார்.

பெரில் ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தாள், இன்னொன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேசைக்கடியில் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. சமையலறையில் ஏதோ விழுந்தது. எழுந்திருக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டாள், இரண்டாவது வாயில் நிறுத்தினாள்.

"கிரேவில உப்பு கூடிப்போச்சு," என்றாள்.

"பதினோரு வருஷமா கூடித்தான் இருக்கு. நீங்க எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?" என்றார் சிரில்.