நட்சத்திரம் பார்த்து வந்த இளநீர்

எங்கள் வீட்டு ஓனர் அண்ணன் மாதத்தில் ஐந்து நாள் மட்டும் இளநீர் கொண்டு வருவார். சீவி, துளை போட்டு, ஸ்ட்ராவும் செருகி மாடிக்கே கொண்டு வந்து கொடுப்பார். திருச்செங்கோட்டில் இப்படி ஒரு ஓனர் யாருக்கு வாய்க்கும் என்று ஜாக்கெட் தைக்க வரும் பெண்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு இருப்பவளுக்குத் தண்ணீர் மோட்டாரை நேரத்துக்குப் போட்டுவிட்டாலே பெரிய விஷயம். எனக்கு இளநீரே வந்தது.

கீழே அவர் குடும்பம். மேலே நானும் என் மாமனாரும், இளநீரில் பாதி அவருக்கு. என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். வண்டி வடக்கே கிளம்பினால் அவர் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்தக் காலத்தில் பம்பாய் லைன் லாரி ஓட்டிய மனிதர், கட்டிலோடு கிடந்தார். வாய் கோணியதால் பேச்சு குழறும், அது எனக்கு மட்டும்தான் புரியும். காது மட்டும் பாம்புக் காது. நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலையில் அடுப்படியில் இருந்து வந்து பார்க்கிறேன், ஓனர் அண்ணன் இளநீரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் மேல் குனிந்து நிற்கிறார். மாமனார் நல்ல தூக்கத்தில் இருந்தார். அண்ணனுடைய ஆள்காட்டி விரல் அவர் மூக்குக்குக் கீழே இருந்தது.

"ஏனுங்கண்ணா, என்ன பண்றீங்க?"

திருட வந்தவர் மாட்டிக்கொண்டதுபோல விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லைங்க அம்மிணி. மூச்சு ஓடுதான்னு சும்மா பாத்தனுங்க."

"தூங்கற மனுசனுக்கு மூச்சு ஓடாம வேற என்னங்க ஓடும்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அடைப்பு. சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்துபோனால், உயிர் போன அறையை ஆறு மாதம் வரை பூட்டிப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிலர் வீட்டையே பூட்டுவார்கள். அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரை மாதாமாதம் வரிசையாக அந்த ஐந்து நாள் வரும். இளநீர் வந்த ஐந்து நாளும் அதே ஐந்து நாள்தான். மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கக் கையை வீசிக்கொண்டு வரக் கூச்சப்பட்டு இளநீரோடு வந்திருக்கிறார்.

"புள்ளைக்கு ஆவணியில கல்யாணமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து போற ஊடு. மேல பூட்டுத் தொங்குனா என்ன நெனப்பாங்க? நீங்களே சொல்லுங்க அம்மிணி. வேற நாள்ல ஆச்சுன்னா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டனுங்க."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "அப்படீங்களா? அப்ப நல்ல நாளாப் பாத்துக் குறிச்சுக் குடுங்க. மாமாகிட்டச் சொல்லி வெக்கறேன், அன்னைக்கே கெளம்பிக்கச் சொல்லி" என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. கண்கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. வேற ஊடு பாத்துக்கங்க. அவசரமில்லைங்க. அடுத்த அவிட்டத்துக்குள்ள பாத்துட்டீங்கன்னாப் போதும்."

இளநீரை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால் மாமனார் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். எப்போது விழித்தார் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் காலையில் காபிக்கு முன்னால் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சாமி, இன்னைக்கு என்ன நட்சத்திரம்?" என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். நான் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டுப் படித்துச் சொல்வேன். திருவாதிரை, பூசம் என்று சொன்னால் முகம் தெளிந்து இரண்டு இட்லி கூடவே இறங்கும். அந்த ஐந்து நாள் வந்துவிட்டால் மனிதர் தூங்கவே மாட்டார். படுத்தால்தான் உயிர் போகுமாம், தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைக்கச் சொல்வார். கண் சொக்கும், உதறிக்கொண்டு விழிப்பார். தன் சாவு அடுத்தவன் வீட்டுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று ஒரு மனிதர் விழித்துக் கிடப்பதைப்போல ஒரு கொடுமை உண்டா?

ஓனர் அண்ணன் சொன்ன அவிட்டமும் வீடு மாறாமலே தாண்டிவிட்டது. அப்படி ஒரு சதயத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என்னையக் கொண்டுபோய் ஜி.எச். ஆஸ்பத்திரியில போட்டுரு சாமி. அங்க யாரும் நாள் பாக்க மாட்டாங்க." அன்றைக்கு மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். எந்த நாளில் போனாலும் ஏன் என்று கேட்காத ஒரு வீட்டைப் பிடித்து, இந்த மனிதரை அங்கே நிம்மதியாகத் தூங்க வைக்காமல் விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

போனில் கணவர் யோசனை சொன்னார். "அப்பாவைப் பத்தி வாயத் தொறக்காத. நாம ரெண்டே பேருன்னு சொல்லி ஊட்டைப் புடி." சொல்வது சுலபம். கட்டிலை மறைக்கலாம், அதில் கிடக்கும் ஆளை எங்கே மறைப்பது? உள்ளதைச் சொல்லித்தான் கேட்டேன். "ஊட்டுல எத்தனை பேருங்க?" என்று சிரித்த முகத்தோடு ஆரம்பிப்பார்கள். படுத்த படுக்கை என்ற சொல்லைக் கேட்டதும், "எங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றமுங்க" என்பார்கள். கதவு சாத்தும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. ஒரு புண்ணியவான் மாமனாரின் ஜாதகம் இருக்கிறதா என்று கேட்டார், மாப்பிள்ளை பார்க்கிறவர் மாதிரி.

சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு வீடு காலியாக இருப்பதாக ஒரு வாடிக்கைக்காரி சொன்னாள். ஓனர் ஒரு முஸ்லிம் அம்மா, கணவர் இறந்த பிறகு கடைவீதியில் பாத்திரக்கடையைத் தனியாக நடத்தி வந்தார். தெருவுக்கே அவர் பாயம்மா. நான் போனபோது அலைந்து அலைந்து எரிச்சல் தலைக்கேறியிருந்தது. அவர் வாங்கம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் கொட்டிவிட்டேன்.

"இங்க பாருங்கம்மா, எங்க மாமனார் படுத்த படுக்கையாக் கெடக்கறாரு. இன்னைக்கோ நாளைக்கோ தெரியாது. நல்ல நாள் பாத்துத்தான் போவாருன்னு என்னால உறுதி குடுக்க முடியாது. இஷ்டமிருந்தா ஊட்டைக் காட்டுங்க, இல்லைன்னா இப்பவே சொல்லீருங்க, நான் கெளம்பறேன்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் மாடி போர்ஷனைத் தரலாம்னு இருந்தேன். படி ரொம்பச் செங்குத்து. படுக்கையா இருக்கற மனுஷரை எப்படிம்மா ஏத்தி இறக்குவே?" என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு, கீழே சரக்குப் போட்டு வைத்திருந்த பகுதியைத் திறந்துவிட்டார். "கட்டில் உள்ளே நுழையுமா பாரு."

என் கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்துக் கதவை அளந்தேன். நுழையும் என்று தலையை ஆட்டினேன்.

"ஒண்ணே ஒண்ணு. செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அடிச்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார் பாயம்மா.

வீடு கிடைத்த செய்தி கேட்டு ஓனர் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் வீடு காலி செய்கிறவர்களுக்கு அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பெயின்ட், குழாய், கரன்ட் பில் என்று ஏதாவது சொல்லிப் பிடித்துக்கொள்வார்கள். இவர் முழுசாகக் கொடுத்தார். சுவரில் நான் எண்ணெய்க் கை வைத்த இடத்தைக் காட்டியபோதுகூட, "அது கெடக்குதுங்க" என்றார். சின்ன யானை என்று நாங்கள் சொல்லும் குட்டி லாரியை அவரே பேசி வைத்தார். அவிட்டத்துக்கு முந்தின நாள் கிளம்புவதாக ஏற்பாடு. வண்டிக்காரர் வேறு லோடு கிடைத்துப் போய்விட்டு மறுநாள் காலையில்தான் வந்து நின்றார். அண்ணன் பதறினார். "மத்தியானத்துக்கு மேல அவிட்டம் பொறக்குதுங்க, சீக்கிரம், சீக்கிரம்" என்று என் பாத்திரங்களையெல்லாம் தானே சுமந்து இறக்கினார்.

சாமான் எல்லாம் ஏறி, மத்தியானம் நெருங்கும்போது கடைசியாக மாமனாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டி இறக்கினோம். மேல் பக்கம் வண்டிக்காரர், கீழ்ப் பக்கம் ஓனர் அண்ணன். நான் பின்னால் மருந்துப் பையோடு வந்தேன். பாதிப் படியில் மாமனாரின் தலை சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது. கை தொங்கியது.

"அய்யய்யோ! அம்மிணி! போயிட்டாருங்க! படியிலயே போயிட்டாரு!"

வண்டிக்காரர் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார், "ஏனுங்க, படிக்கும் அடைப்பு உண்டுங்களா?"

மாமனாரின் இடது கண் மெல்லத் திறந்தது. கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. பிறகு உடம்பெல்லாம் குலுங்கியது. சிரிக்கிறார்! பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழறிக் குழறி என்னவோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?" அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இளநி நல்லா இருந்துச்சுங்கறாரு."

வண்டிக்காரர் நாற்காலியைப் படியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஓனர் அண்ணன் அங்கேயே உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், பிறகு அவரும் சிரித்தார். அவர்மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் அந்தப் படியிலேயே போய்விட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் பயந்த மனிதர், வேறென்ன? வண்டி கிளம்பும்போது மாமனார் இடது கையைத் தூக்கி, "வாரனுங்க" என்றார். அந்தச் சொல் மட்டும் அண்ணனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. "நீங்க எதுக்குங்க மாமா சிரமப்பட்டுட்டு, நாங்களே வந்து பாக்கறோமுங்க" என்றார் அவசரமாக.

புது வீட்டில் முதல் நாள் காலை. பாயம்மா டம்ளரில் டீ கொண்டு வந்திருந்தார். மாமனார் கண் விழித்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆணி அடிக்க முடியாததால் காலண்டர் எங்கேயோ மூட்டைக்குள் கிடந்தது.

"என்னம்மா கேக்கறாரு?"

சொன்னேன். நட்சத்திரம், அடைப்பு, உட்கார்ந்தபடி விழித்திருந்த ராத்திரிகள், ஜி.எச்., எல்லாம் சொன்னேன். பாயம்மாவுக்கு இந்த அடைப்பு விவகாரமே தெரியாது. கேட்கக் கேட்க முகம் சிவந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலருகே போனார்.

"பெரியவரே, மௌத்து, அதான் சாவு, அல்லா கூப்பிடற அன்னைக்கு வரட்டும். எனக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். இது என் வீடு. நீங்க காலை நீட்டித் தூங்குங்க."

அதட்டலாகத்தான் சொன்னார். மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது, நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். டீயைக் குடித்துவிட்டு மறுபடி தூங்கினார். தலையணை முட்டு இல்லாமல், குறட்டை விட்டுக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினார். நான் மெஷினில் உட்காரவே இல்லை, சத்தம் கேட்டு விழித்துவிடுவாரோ என்று. அப்பாடா என்று இருந்தது எனக்கு. காலண்டரை நான் பிறகு தேடவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒருநாள் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதிர்ஷ்டவசமாக என் கணவர் அப்போது ஊரில் இருந்தார். துக்கத்துக்கு வந்த பங்காளி ஒருவர் போனை எடுத்து என்னவோ தேடிப் பார்த்துவிட்டு, "பூரட்டாதிங்க. ஆறு மாசம் அடைப்பு. இந்த ரூமைப் பூட்டிப்போடோணும்" என்றார்.

எல்லோரும் வாசலில் நின்ற பாயம்மாவைப் பார்த்தார்கள். பேசும்போது எதையும் பேசலாம், இப்போது நிஜமாகவே நடந்துவிட்டதே.

பாயம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். "பூட்டாட்டி என்னங்க ஆகும்?"

"ஊட்டுக்காரங்களுக்கு ஆகாதுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வீட்டுக்காரி நான்தான். இந்த ரூம்ல ஒரு மனுஷர் பயமில்லாமத் தூங்கியிருக்காரு. இதைப் போய்ப் பூட்டுவேனா?" என்று சொல்லிவிட்டு, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி மாமனார் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

பங்காளி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது, பாயம்மா தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன்.