பின்சீட்டில் தூங்கிய பாப்பா

எங்கள் ஊரில் யாரும் கோட்டுக்குள் வண்டி நிறுத்திப் பழகியவர்கள் இல்லை. கிருத்திகை அன்று மலையடிவாரத்துக்கு வந்து பாருங்கள், தெரியும். எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே மூக்கை நுழைத்துவிட்டு, பின்னால் வருகிறவன் எப்படிப் போவான் என்ற கவலையே இல்லாமல் அர்ச்சனைத் தட்டோடு கிளம்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட திருத்தணியில், சென்னை ரோட்டில் புதிதாக வந்த பெரிய கடை ஒன்று தன் வாசலில் வெள்ளைக் கோடு போட்டது. அது போதாதென்று, கதவுக்குப் பக்கத்தில் மூன்று இடங்களுக்கு ரோஸ் கலர் அடித்து, தரையில் ஓர் அம்மா குழந்தையின் கையைப் பிடித்திருக்கும் படத்தையும் வரைந்து, 'குழந்தையுடன் வருவோருக்கு மட்டும்' என்று எழுதியும் வைத்தது. அந்த மூன்று இடத்துக்கு மட்டும்தான் தகரக் கூரை. மற்ற வண்டிகளுக்கு வெயில்.

முதலில் கொஞ்ச நாள் அந்த நிழலில் ஷேர் ஆட்டோக்கள் நின்றன. பிறகு கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள். கடை போட்டது கோடு மட்டும்தான். அதற்கு முறை வைத்தவர் அவர். கைக்குழந்தை வந்தால், நடக்கிற பிள்ளையோடு வந்தவர் இடத்தை விட வேண்டும். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிய குழந்தை வந்தால் யாராக இருந்தாலும் விட வேண்டும், சந்தனம் காயாத தலை வெயில் தாங்காது. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் ஊர் கேட்டது. கேட்காதவர்களும் உண்டு. மீசை முளைத்த மகனை முன்சீட்டில் உட்கார வைத்து "கொயந்ததாங்க" என்று வாதாடுவார்கள். வீட்டில் விட்டு வந்த குழந்தையின் போட்டோவைப் போனில் காட்டுவார்கள். ஒருவர் மருமகளின் நிறைமாத வயிற்றைக் காட்டினார். அதை மட்டும் வாட்ச்மேன் ஒப்புக்கொண்டார்.

எனக்குக் குழந்தை இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், கேட்காமல் வயிற்றை மட்டும் பார்க்கிற கட்டத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அரக்கோணத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "போதும்மா, இனிமே ஒடம்ப வதைச்சிக்காதீங்க" என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரி வெற்றிலை கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்தேன். கோபம் எனக்குச் சீக்கிரம் வரும்.

அதற்கடுத்த தையில்தான் கார் வாங்கினோம். என் வீட்டுக்காரர் விசைத்தறிக்காரர்களிடம் புடவை எடுத்துச் சென்னைக் கடைகளில் போடுகிறவர். மூட்டையோடு ரயில் ஏறி அவருக்கு முதுகு போய்விட்டது. அரக்கோணத்துப் புரோக்கர் ஒருவர் மூலம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பழைய வண்டிதான், ஆனால் பளிச்சென்று இருந்தது. பின் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர், 'உள்ளே பாப்பா'. பின்கதவுகளின் கண்ணாடியில் வெயிலுக்கு மாட்டிய கறுப்பு வலை, அதில் யானைப் படம். இவர் முதல் நாளே நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டப் போனார். கோந்து தழும்பு விழும், விடுங்கள் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

வண்டியில் வேறு சிலதும் இருந்தன. வெயில் ஏறினால் பின்சீட்டிலிருந்து பால் புளித்த வாசனை வந்தது. மழை நாளில் ஏ.சி. போட்டால் பின்பக்கக் கண்ணாடியில் ஆவி படியும், அதில் ஒரு கை தெரியும். ஐந்து விரலும் விரிந்த, என் உள்ளங்கையில் பாதி கூட இல்லாத கை. துணியால் துடைத்தேன். அடுத்த மழைக்கு அது திரும்பி வந்தது. அப்புறம் அந்தச் சத்தம். வண்டி திரும்பும்போதெல்லாம் பின்னால் எங்கேயோ ஒரு மணி உருண்டது. கொலுசிலிருந்து கழன்ற ஒற்றை மணி. மிதியடியைத் தூக்கிப் பார்த்தோம், சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தோம், கிடைக்கவில்லை. மலைப்பாதையில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையின் சத்தம் அது.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்றார்கள் என்று புரோக்கரிடம் கேட்டேன். அவர் பெரிதாக மூச்சு விட்டார். "அத்த ஏம்மா கேக்குறீங்க. நல்ல குடும்பம். வுடுங்க" என்றார். அந்தப் பெருமூச்சு எனக்குப் போதுமாக இருந்தது. குழந்தை போய்விட்டது, அதனால்தான் வண்டியைப் பார்க்கச் சகிக்காமல் விற்றிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது உண்மைதான். பயந்துகொண்டே அந்த மணிக்காகக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்ததும் உண்மை.

கடைக்கு முதல் தடவை அந்தக் காரில் போனபோது நாங்கள் வெயிலில் ஒரு மூலையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் ஓடி வந்து பானெட்டைத் தட்டினார். "எங்க போறீங்க? பாப்பா வண்டி இங்க வாங்க!" என்று ரோஸ் கோட்டுக்குள் கை காட்டினார். இவர் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாட்ச்மேன் ஸ்டிக்கரை மறுபடி பார்த்தார், யானைப் பட வலையைப் பார்த்தார், குரலைத் தணித்து என்னிடம் கேட்டார்.

"தூங்கிகினு இருக்குதா?"

"ஆங்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. என்மேல் தப்பு இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் என்னைப் பார்த்து, எங்கே குழந்தை, எங்கே குழந்தை என்று கேட்ட ஊரில், இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டார். தூங்குகிற குழந்தையை நின்று பார்த்தால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் பெற்றவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் அவர் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். குழந்தையைத் தனியாக விட்டுப் போகக் கூடாதே, இவர் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் உள்ளே போய்ப் பருப்பும் சோப்பும் வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது பார்த்தால், ஹாரன் அடித்த ஒரு பையனை வாட்ச்மேன், "கொயந்த தூங்குதுடா, அறிவில்ல?" என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியே பழகிப்போனது. வாராவாரம் போவோம், அவர் கை காட்டுவார், ரோஸ் இடத்துக்குக் குறுக்கே கட்டிய சங்கிலியைச் சத்தமில்லாமல் இறக்குவார். "நேரங்கெட்ட நேரத்துல தூங்குதே, ராத்திரி முழிச்சிக்குமேம்மா" என்று ஒருநாள் கவலைப்பட்டார். "ஆமா, ராத்திரி ஒரே ஆட்டம்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் இவர் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவர் ஓட்டும்போது கவனித்தேன், நடுக் கண்ணாடி கீழே சாய்ந்திருந்தது. பின்னால் வரும் லாரி அதில் தெரியாது. பின்சீட்டுதான் தெரியும்.

இப்படி ஒரு வருஷம் போனது. பயம் எப்போது விட்டது என்று தெரியவில்லை. பின்சீட்டில் நான் மூட்டை வைப்பதை நிறுத்தியிருந்தேன். கதவை அறைந்து சாத்துவதில்லை.

அன்றைக்கு முகூர்த்த நாள், கடையில் கூட்டம். மூன்று ரோஸ் இடமும் நிறைந்திருந்தது, அதில் ஒன்று எங்களுடையது. நான் சாமான் வாங்கி வந்து டிக்கியைத் திறந்துகொண்டிருந்தேன். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இவர் முன்சீட்டில் இருக்கிறார், நான் டிக்கியில் இருக்கிறேன். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

மொட்டைத் தலை, தலை முழுக்க ஈரச் சந்தனம், மூன்று நான்கு வயது இருக்கும். பெண் குழந்தை, காதில் தோடு. அது என்னைப் பார்க்கவே இல்லை. தன் வீட்டு அலமாரியில் கை விடுகிற மாதிரி, சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள பிளவில் முழங்கை வரை கையை விட்டு, நாங்கள் வருஷம் முழுக்கத் தேடியதை எடுத்துவிட்டது. உள்ளங்கையில் அந்த மணி. காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தது. இவர் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார்.

வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டார். எத்தனை நாள் முதுகைக் காட்டி நின்றவர்! முகமெல்லாம் மலர்ந்து ஓடி வந்தார். "எந்திரிச்சிடுச்சா! மொட்ட போட்டாச்சா! இத்தினி நாளா நான் மூஞ்ச பாக்கவே இல்லயேம்மா!" என்று குனிந்து, குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் நெட்டி முறித்தார். "அப்படியே அப்பா ஜாடை" என்றார்.

எங்கள் குழந்தை இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

"அம்மா! நம்ப காரு!" என்று குழந்தை வெளியே பார்த்துக் கத்தியது. நகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தோளில் ஒரு கைக்குழந்தையோடு மூச்சிரைக்க வந்தாள். அவளுக்குப் பின்னால், நிழலில் இடமில்லாமல் ஒரு பெரிய புதுக் கார் வெயிலில் நின்றிருந்தது. "தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. முன்ன இது எங்க வண்டி. யானைய பாத்துட்டு ஓடியாந்துட்டா" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, சிரித்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது பொறந்துச்சில்ல, எடம் பத்தலன்னு பெரிசா எடுத்துட்டோம். அவர்கிட்ட எடுக்காம ஷோரூம்ல எடுத்துட்டோம்னு புரோக்கருக்குத்தான் கோவம்."

அந்தப் பெருமூச்சுக்கு அர்த்தம் அதுதான்.

குழந்தை மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. பாப்பா சாகவில்லை. அதற்கு முதலில் சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

வாட்ச்மேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். திறந்திருந்த பின்கதவைப் பார்த்தார். முதல் தடவையாக உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தட்டும் என்று காத்திருந்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்த எனக்குத் தெரியும். அவர் கத்தவில்லை. ஒரு வருஷமாக என் வண்டிக்குப் பக்கத்தில் பேசிய அதே தணிந்த குரலில் சொன்னார்.

"வண்டிய எடுங்கம்மா. மொட்ட கொயந்த வெயில்ல நிக்குது."

பின்கதவை அவரே சாத்தினார், சத்தம் வராமல்.

எடுத்தோம். இவர் வீட்டுக்குத் திருப்பாமல் கனகம்மாசத்திரம் போகும் ரோட்டிலேயே நேராக ஓட்டினார். ஒரு வளைவு வந்தது, இரண்டு பேரும் காது கொடுத்தோம். அடுத்த வளைவும் வந்தது. டிக்கியில் எண்ணெய் டப்பா உருண்டதே தவிர, பின்சீட்டில் ஒன்றும் இல்லை. அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனது அன்றுதான்.

ஒரு ஸ்கூல் வாசலில் வேகத்தடை வந்தது. எதிரிலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. இவர் வெகு தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து, முன்சக்கரத்தை ஏற்றி இறக்கி, பின்சக்கரத்தையும் அலுங்காமல் ஏற்றி இறக்கினார். இறக்கிய பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. கையைத் தூக்கி, சாய்ந்திருந்த நடுக் கண்ணாடியை நிமிர்த்தினார்.

"பழக்கமாயிடுச்சி" என்றார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்த அன்று வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.