ஜன்னலில் பார்த்த முதுகெலும்பு

டாக்டர் தங்கையா அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் பழனி அடிவாரத்தில் என் எக்ஸ்ரே நிலையத்தின் இருட்டறைக்குள் இருந்தேன். மலைப்படியில் வழுக்கி விழுந்த ஒரு பக்தரின் கணுக்கால் படம் மருந்துத் தொட்டியில் கிடந்தது. படத்தைக் கழுவி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து போனை எடுத்தேன். இறந்தவர் காத்திருப்பார், மருந்தில் கிடக்கும் படம் காத்திருக்காது.

பேசியவர் கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ், சிஸ்டர் எஸ்தர்.

"தம்பி, தங்கையா டாக்டர் போயிட்டாருப்பா. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். வெள்ளனே பஸ் ஏறிடுங்க. நினைவு மலர் ஒண்ணு போடுறாங்களாம். நீங்கதான் நல்லா எழுதுவீங்க, நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க."

"நல்லதா எழுதணும்னா வேற ஆளைப் பாருங்க சிஸ்டர்."

"செத்த மனுசன்கிட்டயுமா வீம்பு? வாங்கப்பா."

போனேன். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இயற்பியல் பட்டத்தோடும் எக்ஸ்ரே பயிற்சிச் சான்றிதழோடும் அவர் முன்னால் போய் நின்றேன். சான்றிதழைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "பட்டதாரியோ? சரி, பொத்தானை அமுக்கத் தெரியுமாலே?" என்றார். அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியில் என் பெயர் பட்டதாரி. பெற்றோர் வைத்த பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எக்ஸ்ரே படங்களை, உள்ளே பல்பு எரியும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்க்க மாட்டார். அறையில் நல்ல பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் தன் தொப்பியை வைத்திருந்தார். தொட்டியிலிருந்து எடுத்த படத்தை ஈரம் சொட்டச் சொட்ட வாங்கி, ஏரியைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். "ஆண்டவர் போட்ட விளக்கு இருக்கும்போது மின்சார வாரியத்து விளக்கு எதுக்குடே?" என்பார். காத்திருக்கும் நோயாளிகள் கைகூப்புவார்கள். படத்திலிருந்து வடிந்த மருந்து அவருடைய வெள்ளைக் கோட்டில் பழுப்புக் கறையாகப் படிந்திருக்கும். அந்தக் கறையைக்கூட ஊர் மதித்தது.

மலையில் ஈரப் படம் காய அரை நாள் ஆகும் என்பது உண்மை. பாச்சலூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மாலை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பதும் உண்மை. வெயில் அடிக்கும் நாட்களில் அவர் கண் பொய் சொன்னதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏரிக்கரைக் குதிரையிலிருந்து விழுந்த ஒரு சுற்றுலாப் பயணியின் மணிக்கட்டில் மயிரிழை முறிவை அந்த ஜன்னலில்தான் கண்டுபிடித்தார். எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் கொடைக்கானலில் ஆண்டவர் தம் விளக்கை அடிக்கடி அணைப்பார். அதை நினைவில் வைக்கும் பணிவு டாக்டருக்கு இல்லை.

பேச்சியம்மாள் வந்தது அப்படி ஒரு நாளில். சிலோனிலிருந்து திரும்பி வந்து வனத்துறைத் தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மூன்று மாதமாக முதுகு வலி. மேசையில் படுக்க வைத்தபோது, "கொழுந்துக் கூடை சொமந்த முதுகுங்க ஐயா, லேசுல நோவாதுங்க. இப்ப நோவுதுங்க" என்றாள். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். படத்தின் ஓரத்தில் நோயாளியின் எண் விழுவதற்காக ஈய எண்களை வைத்து எடுப்போம். எங்கள் எண் பெட்டியில் ஏழு தொலைந்துபோயிருந்தது. ஏழு வரும் இடத்தில் ஆங்கில எல் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன். அவளுடைய எண்ணில் இரண்டு ஏழுகள்.

இருட்டறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பல்பு வைத்திருந்தேன். அதில் பார்த்தேன். முதுகின் நடுவே இரண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. எலும்புகளின் விளிம்பு எலி கொறித்த ரொட்டி போல இருந்தது. முதுகெலும்பில் காசநோய். படம் பார்க்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும்.

டாக்டர் படத்தை வாங்கி ஜன்னலுக்குத் தூக்கினார். வெளியே மேகம் இறங்கி ஏரியே தெரியவில்லை.

"கருப்பா கெடக்கு. ஒண்ணுமில்ல தாயி, சொமை தூக்குற நோவு. தைலம் தேச்சு வெந்நி ஊத்து."

"டாக்டர், பெட்டியில ஒரு தடவை வச்சுப் பாருங்க. நடுவுல ரெண்டு எலும்பு..." என்றேன்.

பத்து நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவே இல்லை. "ஏலே பட்டதாரி, படம் எடுக்குறது ஒன் சோலி. பாக்குறது என் சோலி. அடுத்த ஆளைக் கூப்பிடு, வெரசா."

பெட்டியின் மேல் இருந்த தொப்பியை எடுக்க ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

நான்கு மாதம் கழித்துப் பேச்சியம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரண்டு கால்களும் மரத்துப் போயிருந்தன. அவள் கணவர் நிர்வாகத்திடம் முறையிட்டார். நிர்வாகம் பழைய படத்தைக் கேட்டது. உறையில் படம் இல்லை. "படம் ஒரே கருப்பு. ஒண்ணும் தெரியல. ஈரத்துல ஒட்டிக் கிழிஞ்சுது, தூக்கிப் போட்டாச்சு. எடுத்தவன் லட்சணம் அப்படி" என்றார் டாக்டர். என் முன்னால் சொன்னார். என் கண்ணைப் பார்த்தே சொன்னார். மறுநாள் என்னைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். போர்வை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டில் கிடந்த பேச்சியம்மாள், போர்வை கொண்டுபோன என்னிடம் கோபமே இல்லாமல் கேட்டாள்: "என் முதுகு படத்துல சரியா விழலையாமே ஐயா? நான் ஆடிட்டேனுங்களா? நீங்க மூச்சை நிறுத்தச் சொன்னப்ப நிறுத்தினேனுங்களே."

போர்வையை அவள் கால்மேல் விரித்தேன். அவள் ஆடவில்லை என்று காட்ட என்னிடம் படம் இல்லை. சில மாதங்களில் மலையை விட்டு இறங்கினேன். அவள் இரண்டு கம்புகளை ஊன்றி நடக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார்.

"நீங்க எக்ஸ்ரேக்காரர்தானே? இதைக் கொஞ்சம் பாருங்க. அவருக்கு முதுகுல என்ன இருந்துச்சு? வெயில் நல்லா அடிக்கிற நாள்ல இதை எடுத்து படுக்கையறை ஜன்னல்ல வச்சுப் பாப்பாரு. கேட்டா சொல்ல மாட்டாரு. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்."

உருவினேன். ஓரத்தில் இரண்டு தலைகீழ் எல்கள். கிழிசல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. விளிம்பெல்லாம் விரல் ரேகைகள்.

"இது அவர் முதுகு இல்லீங்கம்மா. ஒரு பொம்பளையோடது" என்றேன்.

"அப்ப ஏன் இதை வச்சிருந்தாரு?"

"எனக்குத் தெரியலீங்கம்மா. நான் எடுத்துக்கிறேன்."

தெரியும். வெயில் நாளாகத் தேர்ந்து அதை ஜன்னலில் பிடித்தவருக்கு, தவறு படத்தில் இல்லை என்பது தெரியும். வெளியே வந்து படத்தைக் காட்டியதும், மனசாட்சி உறுத்தியிருக்கிறது என்று சிஸ்டர் எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்படி நினைக்கவில்லை. உறுத்தியவர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் இருக்கும் தோட்டத்து லயன் வீடு வரைக்கும் போயிருப்பார். இவர் இத்தனை வருடங்களில் படுக்கையறை ஜன்னல் வரைக்கும்தான் போனார்.

மறுநாள் காலை அந்த லயனுக்கு நான் போனேன். பேச்சியம்மாள் வாசலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்புகள் பக்கத்தில் சாய்ந்திருந்தன. முடி நரைத்திருந்தது, என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். டாக்டர் இறந்ததைச் சொன்னேன். "பாவம், நல்ல மனுசனுங்க" என்றாள். உறையை அவள் கையில் கொடுத்தேன்.

யாரும் சொல்லித்தராமலே அவள் படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நான் விரலால் காட்டினேன். அந்த இரண்டு எலும்புகளையும் வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தா, நல்லா விழுந்திருக்குதுங்களே ஐயா. நான் ஆடலையே" என்றாள்.

"நீங்க ஆடலை அம்மா."

படத்தைத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் தங்கையா அவர்களே, நீங்கள் இருக்கும் இடத்தில் மேகம் இறங்காது என்று உங்கள் சபையார் அடக்கத்தில் பாடினார்கள். அந்த வெளிச்சத்தில் இனி எதையும் கருப்பென்று சொல்ல உங்களால் முடியாது. போய் வாருங்கள்.