ஹெல்க்காவும் தடியனும்

மின்சார சைக்கிளைப் பூட்டிய கையோடு பேட்டரியை உருவி எடுக்கிறாள் ஹெல்க்கா. அதற்கென்றே பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டி ஓர் உறை தைத்திருக்கிறாள். உறையோடு அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு படியேறி, அழைப்பு மணியை முழங்கையால் அழுத்துகிறாள். கதவு திறந்ததும் வணக்கம்கூடக் கிடையாது.

"சூடான இடம் எங்க இருக்கு? முதல்ல தடியனைப் படுக்க வைக்கணும்."

தடியன் என்பது பேட்டரி. வெளியே நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப் போய் முடி திருத்துவது ஹெல்க்காவின் தொழில். யோவென்சூ நகரில் அவளிடம் தலையைக் கொடுக்கும் அத்தனை பேருக்கும் தடியனைத் தெரியும். குளிர் மைனஸ் இருபதைத் தாண்டிவிட்டால் வாசலில் விட்ட பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோகும். ஆகவே அவன் வீட்டுக்கு வீடு விருந்தாளி. ஒரு வீட்டில் சோபாவில் படுப்பான், இன்னொரு வீட்டில் பூனைக்குப் பக்கத்தில். வந்த உடனே சார்ஜ் போட மட்டும் யாரையும் விடமாட்டாள். "குளிரோட சாப்பிட்டா அவனுக்கு வயிறு கெட்டுடும். உடம்பு கொஞ்சம் சூடாகட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்பாள். அதற்குள் அவளுக்குக் காப்பி வந்துவிடும், கூடவே முட்டை வெண்ணெய் தடவிய ரை தானிய மாவு அப்பம் ஒன்றும்.

அறுபது வயதைத் தாண்டியும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவள். கேட்டால், "நாலு சக்கரம் இருந்தா யார் வேணா ஓட்டலாம்" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆணி பதித்த டயர்கள் பனியைக் கரகரவென்று கடித்துக்கொண்டு போகும். கைப்பிடிகளில் தலையணை அளவுக்கு இரண்டு உறைகள். சுருள் உருளைகளும் கத்தரிகளும் பக்கப் பைகளில் இருக்கும். சுருள் நிற்கத் தடவும் நுரைத் தைலக் குப்பி மட்டும் ரவிக்கைக்குள்ளே, உறைந்துவிடக் கூடாதல்லவா. யாரையாவது முந்தும்போது மணியடித்து, "மன்னிச்சுக்கோங்க, அவசரம்" என்று சொல்லிவிட்டுப் பறப்பாள். அவசரம் ஒன்றும் இருக்காது. முந்துவதில் அப்படி ஒரு ஆனந்தம், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை உண்மையிலேயே அவசரம். பிர்க்கோவுக்குக் கல்யாணம்.

பிர்க்கோவுக்கு எழுபத்தெட்டு வயது. சென்ற வருடம் புற்றுநோய் மருத்துவத்தில் முடியெல்லாம் கொட்டத் தொடங்கியபோது, மிச்சத்தையும் மழித்துவிட்டவள் ஹெல்க்காதான். மழித்து முடித்து இருவரும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். பிறகு காப்பி குடித்தார்கள். அவள் மருத்துவத்துக்குப் போய்வந்த ஆஸ்பத்திரியின் சிற்றுண்டிக் கூடத்தில்தான் தவுனோ வந்து சேர்ந்தார், வாய் நிறையச் சிரிப்போடு. அன்றிலிருந்து கல்யாண நாள்வரை தவுனோ பார்த்ததெல்லாம் பிர்க்கோவின் நீலக் கம்பளித் தொப்பியைத்தான். முடி வளர வளர உள்ளேயே ஒளித்து வைத்திருந்தாள் அந்த அழுத்தக்காரி.

"கல்யாணத்தன்னைக்குத்தான் அவர் பாக்கணும்" என்று ஹெல்க்காவிடம் சொல்லியிருந்தாள். "நீ வந்து சுருட்டி விடணும்டி. வேற யாரும் என் தலையைத் தொடக் கூடாது. நீ வரலைன்னா தொப்பியோடதான் சர்ச்சுக்குப் போவேன், சொல்லிட்டேன்."

கல்யாண விருந்தாளியான ஊர்ஹோவுக்கு அன்று காலை முடி வெட்டிவிட்டு, அங்கிருந்து ஆற்றைக் கடந்து பிர்க்கோ வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஊர்ஹோ லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் ஓயாது. தவுனோ மாப்பிள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது பொத்தான் தெறித்த கதையை அவர் நடித்துக் காட்ட, ஹெல்க்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணியைப் பார்த்ததும் காலில் வெந்நீர் கொட்டியது போலக் கிளம்பினாள்.

ஊர்ஹோவின் தெரு ஆற்றை நோக்கி இறங்குகிறது. கிளம்பியதும் மோட்டாரைப் போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. முதலில் தன் உடம்பு சூடாக வேண்டும், அப்புறம்தான் தடியனுக்கு வேலை. சரிவு தீரும் வரை சுகமாக உருண்டு வந்தாள். வெயில் அப்போதுதான் மரங்களுக்கு மேலே வந்திருந்தது. பனி பூத்த கிளைகள் ஜொலித்தன. பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். குனிந்து பார்த்தாள்.

தடியன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பல்லால் கையுறையைக் கழற்றி ஊர்ஹோவுக்குப் போன் போட்டாள்.

"உன் பையனா? ஆடுநாற்காலியில நல்லாத் தூங்குறான்" என்றார் ஊர்ஹோ. "நான்தான் ரஜாய்ப் போர்வை போத்தி விட்டேன். பெத்தவளுக்கே மறந்துபோச்சா?"

"விளையாடாத ஊர்ஹோ. நான் பாலத்துக்கிட்ட நிக்கிறேன்."

"டாக்சியில அனுப்பட்டுமா?"

"இந்தக் குளிர்ல டாக்சி எப்ப வந்து, எப்ப அனுப்புறது? திரும்பி அந்த மேட்டுல ஏறினாலும் நேரம் போயிடும்."

"அப்ப என்ன செய்யப் போற?"

"மிதிக்கப் போறேன். வேற என்ன?"

"மோட்டார் இல்லாமலா? உன்னாலயா?" என்று ஊர்ஹோ சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளை ஏற்றத்தில் பாதி தூரம் தள்ளியது என்று பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

மீதிப் பாதியைக் கால்கள்தான் ஏறின. பேட்டரி இல்லாத மின்சார சைக்கிள் சண்டித்தனம் பண்ணும் எருமை. கூடவே உருளைகள், கத்தரிகள், முடி உலர்த்தி. ஆற்றுக்காற்று பக்கவாட்டில் அறைந்தது. விட்ட மூச்சு கழுத்துத் துணியில் வெள்ளையாக உறைந்தது, இமைகள் ஒட்டிக்கொண்டன. பின்னால் மணியோசை. சாதாரண சைக்கிளில் ஒருத்தி, முன்னால் காய்கறிக் கூடையோடு, "மன்னிச்சுக்கோங்க" என்று முந்திப் போனாள். ஹெல்க்காவை! கூடையில் நீட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தாள்கூடத் தன்னைத் திரும்பிப் பார்த்ததாக அவள் சத்தியம் செய்கிறாள்.

நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் இறங்கவில்லை. இறங்கித் தள்ளினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. போகாவிட்டால் பிர்க்கோ சொன்னபடியே தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதை நினைத்து நினைத்தே மிதித்தாள். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் அவளையறியாமல் வாய்விட்டுப் பாடத் தொடங்கியிருந்தாள். என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது என்கிறாள். உடம்பெல்லாம் வெந்நீரில் முக்கியது போலச் சூடு. அடுத்த சரிவில், கூடைக்காரியை மணியடித்து முந்தினாள்.

சர்ச்சுக்கு எதிரே, அதன் முற்றத்துக்கு இந்தப் பக்கம் பிர்க்கோவின் வீடு. கதவைத் திறந்தவள் நீலத் தொப்பியைத் தலையில் மாட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வராம போயிடுவியோன்னு நெனச்சேன். எங்கடி உன் தடியன்?"

"ஊர்ஹோ வீட்டுல படுத்திருக்கான். கழட்டு அந்தத் தொப்பியை."

நுரைத் தைலம் ரவிக்கைக்குள் அவளுடைய வியர்வையிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. குட்டையான வெள்ளி முடி. உருளையில் ஒரு சுற்றுத்தான் வரும். அந்த ஒரு சுற்றை ஹெல்க்கா அவசரமே இல்லாதவளைப் போலச் சுற்றினாள். உலர்த்தி முடித்து உருளைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிர்க்கோ கண்ணாடியில் பார்த்தாள். விரல் நுனியால் ஒரு சுருளைத் தொட்டாள்.

"நான்தானே இது?"

"நீயேதான். அழுது கண்ணுல பூசினதைக் கெடுத்துக்காத."

ஜன்னலுக்கு வெளியே டாக்சி வந்து நின்றது. ஊர்ஹோ ரஜாயில் சுற்றிய மூட்டையோடு மெல்ல இறங்க, சர்ச் வாசலில் நின்ற தவுனோ ஓடிவந்து கைகொடுத்தார். போதகர் எட்டிப் பார்த்து, "குழந்தைக்குக் குளிரப்போகுது, சீக்கிரம் உள்ள கொண்டு வாங்க" என்றார். ஊர்ஹோ மறுப்புச் சொல்லாமல் உள்ளே கொண்டுபோனார்.

ஹெல்க்கா கம்பளித் தொப்பியை நீட்டினாள். "முற்றம் தாண்டுற வரைக்குமாவது."

"மாட்டேன். நசுங்கிடும்."

"மைனஸ் இருபத்தாறு, பிர்க்கோ. காது விழுந்துடும்."

"விழட்டும். இத்தனை மாசம் ஒளிச்சு வெச்சதை இப்ப மூடச் சொல்றியா?"

பிர்க்கோ வெறுந்தலையோடு வெயிலில் இறங்கினாள். பனி காலடியில் கிறீச்சிட்டது. ஹெல்க்கா கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு ஓடி, அவளுக்குப் பின்னால் நின்று, சைக்கிள் மிதித்த சூடு இன்னும் தணியாத இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அவள் காதுகளின் மேல் வைத்தாள். ஒரு முடிகூடக் கலையாதபடி, குனிந்து, நண்டைப் போலக் கோணல்மாணலாக அடியெடுத்து முற்றம் முழுக்க அவளோடு நடந்தாள். சர்ச் வாசலில் முதுகைக் காட்டி நின்ற தவுனோ திரும்பும்போதுதான் கைகளை எடுத்தாள்.